“உருட்டாதப்பா!” – வாசகர் கேள்வி பதில்

வழக்கமா இந்தப் பக்கத்துக்கு சினிமா, அரசியல், முடி கொட்டுறது, மாமியார் தொல்லைன்னு கலந்துகட்டிதான் கேள்வி வரும். போன மாசம் கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் ஒரு வார்த்தையைப் பத்தி கேட்டிருந்தார், அதை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு அதோட ஒட்டுற மாதிரி வேற ஏதாவது வந்திருக்கான்னு மூட்டையைக் கிளறினேன், நாலஞ்சு தேறிடுச்சு. அதனால இந்த வாரம் பேச்சைப் பத்தின பேச்சுதான். முடி கொட்டுறவங்க ஒரு வாரம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: நான் ரயில்வேல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். கடைக்குட்டிப் பையன் காலேஜ் படிக்கிறான். நான் எதைச் சொன்னாலும் “உருட்டாதப்பா”ங்கறான். நாங்கள்லாம் ஸ்கூலுக்கு அஞ்சு கிலோமீட்டர் நடந்தே போனோம்னு சொன்னேன், அதுக்கும் “உருட்டு”ன்னு சொல்லிட்டு போனைப் பார்க்கிறான். இது திட்டுற வார்த்தையா? நான் கோவப்படணுமா வேண்டாமா? எங்கேருந்து வந்துச்சு இந்த வார்த்தை?
– வாசகர், கும்பகோணம்

கோவமெல்லாம் வேண்டாம் சார். கெட்ட வார்த்தை கிடையாது. மரியாதையான வார்த்தையும் கிடையாது, அப்பாகிட்ட சொல்றதுக்குக் கொஞ்சம் ஓவர்தான், ஆனா இன்னிக்கு பசங்க வாயில அது “சும்மா இருப்பா”ங்கற அளவுக்குத்தான் இருக்கு.

அர்த்தம்னு பார்த்தா, ஒரு விஷயத்தை எதிராளி தலையில ஏத்தியே தீரணும்னு முடிவு பண்ணிட்டு, நீட்டி முழக்கி, நடுவுல நாலு கணக்கு சொல்லி, ரெண்டு சொந்தக் கதை சேர்த்து, “என் கண்ணால பார்த்தேன்”னு ஒரு ஆணி அடிச்சு, இடையில யாரும் கேள்வி கேக்க முடியாதபடி மூச்சு விடாம பேசுறது இருக்கு பாருங்க, அதுதான் உருட்டு. நீளம் வேணும், நம்ப வைக்கிற முயற்சி வேணும். வெறுமனே “நேத்து மழை பெஞ்சுது”ன்னு பொய் சொன்னா அதை யாரும் உருட்டுன்னு சொல்ல மாட்டாங்க. “நேத்து பெஞ்ச மழையில எங்க தெருவுல போட் விட்டாங்க, நானே அதுல ஏறித்தான் பால் வாங்கப் போனேன், போட்காரர் என்னைப் பார்த்ததும் ‘நீங்களா சார்’னு எழுந்து நின்னுட்டார்”னு போனா அது உருட்டு.

இது ஏதோ மீம் போடுற பசங்க கண்டுபிடிச்ச வார்த்தைன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க. பசங்க அதைத் தூசி தட்டி எடுத்தாங்க, அவ்வளவுதான். உங்க வீட்டுப் பெரியவங்க பேச்சை ஞாபகப்படுத்திப் பாருங்க, “உருட்டும் புரட்டும் பண்ணி சொத்தை எழுதி வாங்கிட்டான்”னு சொல்லியிருப்பாங்க. ‘உருட்டல் மிரட்டல்’னு போலீஸ் ஸ்டேஷன் பேச்சுல வரும். “ஊர்ல என் தலையைத்தான் போட்டு உருட்டுறாங்க”ன்னா என்னைப் பத்தியே பேசித் தீர்க்குறாங்கன்னு அர்த்தம். ஆக பேச்சுக்கும் உருட்டுக்கும் சம்பந்தம் நேத்து வந்தது இல்ல.

கொஞ்சம் இலக்கணம் பேசுறேன், ஓடிடாதீங்க. உருள்னா தானா உருள்றது, உருட்டுன்னா இன்னொருத்தர் தள்ளி உருள வைக்கிறது. தன்வினை, பிறவினைன்னு எட்டாம் கிளாஸ்ல படிச்சோமே, அதேதான். உருளை, உருண்டை, கேரளத்துல பாயசம் கிண்டுற உருளி, எல்லாம் ஒரே குடும்பம். கன்னடத்துல கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்றதை ‘உருளு சேவை’ன்னுதான் சொல்றாங்க. சரி, இந்த ‘ள்’ல முடியுற வார்த்தை ‘ட்டு’ன்னு மாறுறது உருளுக்கு மட்டும் கிடையாது. புரள் புரட்டு ஆகும், மருள் மருட்டு ஆகும், சுருள் சுருட்டு ஆகும். இப்போ இந்த நாலையும் வரிசையா நிக்க வெச்சுப் பாருங்க. மொதல்ல உருட்டு, அப்புறம் கணக்கைப் புரட்டு, எவனாவது கேள்வி கேட்டா அவனை மருட்டு, கடைசியில மொத்தத்தையும் சுருட்டு! ஒரு மோசடி கம்பெனி ஆரம்பிச்சதுலேருந்து ஆபீஸைப் பூட்டிட்டு ஓடுற வரைக்கும் அத்தனை கட்டமும் இந்த நாலு வார்த்தைக்குள்ள அடங்கிடுது. இதை நான் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, வீட்டம்மாவை எழுப்பிச் சொன்னேன், “விடிஞ்சதும் சொல்லக்கூடாதா”ன்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

(போற போக்குல ஒண்ணு. அந்த சுருட்டு, அதாவது புகையிலை சுருட்டு, இங்கிலீஷ்காரனுக்குப் புடிச்சுப்போய் ‘செரூட்’னு அவன் அகராதியிலயே ஏறிடுச்சு. 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே கொலை நடந்த ரூம்ல கிடந்த சாம்பலைப் பார்த்துட்டு ஹோம்ஸ் இது திருச்சி சுருட்டுன்னு சொல்லுவார்.)

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். தமிழ்ல காலங்காலமா எதை உருட்டுனோம்? தாயக்கட்டையை. உங்க வீட்டுப் பரண்ல இன்னும் இருக்கலாம், விரல் நீளத்துல ரெண்டு பித்தளைக் கட்டை, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு கடகடன்னு தேய்ச்சு உருட்டி விடுவாங்க. எங்க பெரியம்மா உருட்டுறதைப் பார்க்கணும், கட்டையை விட வாய்தான் ஜாஸ்தி உருளும், “தாயம் தாயம் தாயம், போடு தாயி ஒரு தாயம், அஞ்சு வேண்டாம் ஆறு வேண்டாம், ஒத்தை ஒரு தாயம்”னு கட்டை தரையில விழுந்து நிக்கிற வரைக்கும் விடாது பேச்சு. சூதாட்டத்துல கையும் வாயும் சேர்ந்துதான் உருளும், கேட்டதைச் சொல்லிச் சொல்லியே வர வெச்சிடலாம்னு ஒரு நம்பிக்கை.

இதை வள்ளுவர் பார்த்திருக்கார். சூது அதிகாரத்துல 933ஆவது குறள்:

உருளாயம் ஓவாது கூறின் பொருளாயம்
போஒய்ப் புறமே படும்.

உருளுற காய்ல கிடைக்கிற ஆதாயத்தையே ஓயாம சொல்லிக்கிட்டு ஆடுனா, கைல இருக்கிற காசும் இனி வரப்போற காசும் சேர்ந்து அடுத்தவன் வீட்டுக்குப் போயிடும்ங்கறார். ‘உருள்’, ‘ஓவாது கூறின்’, ரெண்டும் ஒரே வரியில பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கு பாருங்க. உருட்டும் ஓயாத பேச்சும்! இதுக்காக, உங்க பையன் சொல்ற உருட்டு நேரா திருக்குறள்லேருந்து இறங்கி வந்துச்சுன்னு நான் சொன்னா அதை விடப் பெரிய உருட்டு இருக்க முடியாது. நடுவுல பல நூறு வருஷம் இருக்கு, அதுக்கெல்லாம் நான் பாலம் கட்ட முடியாது. ஆனா ஆயத்தைப் பத்தி ஓயாம பேசுறவன் கடைசியில காசைக் கரைச்சுடுவான்னு அப்பவே ஒருத்தர் கவனிச்சிருக்கார்ங்கறது எனக்கு சந்தோஷமா இருக்கு.

உங்க பையன் விஷயத்துக்கு வந்துடுறேன். எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. உருட்டுங்கறது எதிராளி ஏமாத்துறான்னு கண்டுபிடிச்சுச் சொல்ற வார்த்தையா இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு, இப்போ கேக்கறதுக்கு சோம்பேறித்தனமா இருந்தாலே அதை எடுத்து வீசிடுறாங்க. நீங்க அஞ்சு கிலோமீட்டர் நடந்தது நிஜம், அந்தக் காலத்துல கிராமத்துலேருந்து படிச்ச பாதிப் பேர் அப்படித்தான் நடந்தாங்க. அடுத்த தடவை அவன் உருட்டாதன்னு சொன்னா, பேசாதீங்க, ஞாயித்துக்கிழமை காலையில அவனைக் கூட்டிக்கிட்டு அந்த ரோட்ல நடங்க. திரும்பி வர்றப்போ அஞ்சும் அஞ்சும் பத்து கிலோமீட்டர் ஆகியிருக்கும். ஒருவேளை அளந்து பார்க்கிறப்போ ரெண்டரைதான் வந்துச்சுன்னா எனக்கு எழுதாதீங்க சார், நமக்குள்ளயே இருக்கட்டும்.

கேள்வி: சென்னையில ஒரு கம்பெனில சேல்ஸ்ல இருக்கேன் சார். எங்க மேனேஜர் வெளிநாட்டுக்காரர், மீட்டிங்ல என்னைப் பார்த்து “உன்னோட ஸ்பீலை ஒருதடவை சொல்லு”ன்னார். அகராதியில பார்த்தா வளவளன்னு பேசி ஆளை மயக்குறதுன்னு போட்டிருக்கு. என்னைக் கிண்டல் பண்றாரா?
– வாசகி, துரைப்பாக்கம்

கிண்டல் பாதி, வேலை பாதிம்மா. கஸ்டமர்கிட்ட தினம் ஒப்பிக்கிறீங்களே, “குட் மார்னிங் சார், எங்க ப்ராடக்ட்டுல மூணு விசேஷம்”னு ஆரம்பிச்சு முடிக்கிற வரைக்கும் மனப்பாடமா வெச்சிருப்பீங்களே, அதுக்குப் பேர்தான் அவங்க ஊர்ல ஸ்பீல். சேல்ஸ்காரங்க தங்களைப் பத்தியே சாதாரணமா சொல்லிக்கிற வார்த்தை அது. மனசுல வெச்சுக்காதீங்க.

ஆனா அது வந்த வழி நல்ல கதை. ஜெர்மன்ல ஷ்பீல்னா விளையாட்டு. நாடகத்துக்கும் அந்த வார்த்தைதான், வாத்தியம் வாசிக்கிறதுக்கும் அதே வேர்தான், ‘க்ளாக்கன்ஷ்பீல்’னு ஒரு மணி வாத்தியம் இருக்கு கேள்விப்பட்டிருப்பீங்க. கிழக்கு ஐரோப்பா யூதர்கள் பேசின யித்திஷ் மொழியிலயும் கிட்டத்தட்ட இதே வார்த்தை உண்டு. 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஜெர்மன்காரங்களும் யூதர்களும் கூட்டம் கூட்டமா அமெரிக்கா போய் இறங்குனாங்க, அங்க சர்க்கஸ், திருவிழாக் கொட்டகை வாசல்ல ஒருத்தன் நின்னு “வாங்க வாங்க, ரெண்டு தலைக் கன்னுக்குட்டி, தாடி வெச்ச பொம்பள”ன்னு தொண்டை கிழிய கூவி டிக்கெட் விப்பான் பாருங்க, அவன் பேச்சுக்கு இந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. உள்ள நடக்கிறது ஒரு விளையாட்டு, வாசல்ல நடக்கிறது இன்னொரு விளையாட்டு. மேல கும்பகோணத்தாருக்குச் சொன்னதைப் படிச்சிருந்தா உங்களுக்கே பொறி தட்டியிருக்கும். அவன் ஊர்லயும் ஆட்டம், நம்ம ஊர்லயும் ஆட்டம். ஒண்ணைப் பார்த்து ஒண்ணு காப்பியடிக்க வழியே இல்ல, ஆனா ரெண்டு பேருக்கும் இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டா விளையாட்டு ஞாபகம்தான் வந்திருக்கு.

இங்கிலீஷ்ல இன்னொண்ணு இருக்கு, ‘பேட்டர்’. வித்தை காட்டுறவன், தெருவுல சாமான் விக்கிறவன் படபடன்னு பேசுறது. அது லத்தீன் ஜெபத்துலேருந்து வந்துச்சு. “எங்கள் பிதாவே”ங்கற ஜெபம் லத்தீன்ல ‘பாட்டர் நாஸ்டர்’னு ஆரம்பிக்கும், பூசைல அதை அர்த்தமே புரியாத வேகத்துல முணுமுணுன்னு ஓட்டினதைக் கேட்டு ஜனங்க வெச்ச பேர். நம்ம ஊர்ல இல்லையா என்ன? “அவ புருஷன் காதுல நல்லா ஓதிட்டா”ன்னு சொல்றோமே. வேதம் ஓதுறதும் ஓதுறதுதான், அண்ணன் தம்பி சொத்தைப் பிரிக்கச் சொல்லி ராத்திரி ராத்திரி சொல்றதும் ஓதுறதுதான். பிரசங்கம்னு கௌரவமா ஒரு வார்த்தை இருந்துச்சு, அதுக்கு முன்னாடி ‘அதிக’த்தை ஒட்டுனதும் குழந்தைங்களைத் திட்டுற வார்த்தை ஆயிடுச்சு. சாமிகிட்ட பேசுறதும் சாமியைப் பத்திப் பேசுறதும் நீண்டு போனா ஜனங்க சும்மா விட மாட்டாங்க போல, எல்லா ஊர்லயும் இதே கதைதான்.

போர்ச்சுக்கீசியர் விட்டுப் போனதும் ஒண்ணு உண்டு. அவங்க பாஷையில ‘பலாவ்ரா’ன்னா வார்த்தை, சொல், அவ்வளவுதான். ஆப்பிரிக்காவோட மேற்குக் கரையில வியாபாரத்துக்குப் போன இடத்துல அங்க உள்ளவங்களோட நாள் கணக்கா உட்கார்ந்து பேரம் பேசுனாங்க, அதைப் பார்த்த இங்கிலீஷ்காரன் ‘பலாவர்’னு எடுத்துக்கிட்டான், அர்த்தம், முடிவே இல்லாத வெட்டிப் பேச்சு. நமக்கு அதே போர்ச்சுக்கீசியர் ‘ஏலம்’ங்கற வார்த்தையைக் குடுத்துட்டுப் போயிருக்காங்க, அவங்க பாஷையில ‘லெய்லாவ்ங்’. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு மூணே வாக்கியத்துல முடிஞ்சுபோற பேச்சு. உங்க மேனேஜரோட ஸ்பீலை விட எனக்கு இது புடிச்சிருக்கும்மா.

கேள்வி: பொய்க்கும் உருட்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?
– வாசகர், பெருந்துறை

பெருந்துறைலேருந்து இந்தக் கேள்வி வர்றது பொருத்தம்தான். 2012ல உங்க பக்கம் ஈமு கோழி விவகாரம் வெடிச்சது ஞாபகம் இருக்கும், ஈரோடு மாவட்டத்துல ஆரம்பிச்சு கொங்கு மண்டலம் பூரா ஜனங்க பணத்தைக் கட்டிட்டு கொட்டகைல நிக்கிற பறவையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. அந்தத் திட்டத்தை விக்க வந்தவங்க பேசுனதை யோசிச்சுப் பாருங்க. ஈமுவோட கறிக்குக் காசு, எண்ணெய்க்குக் காசு, தோலுக்குக் காசு, முட்டை ஓட்டுக்குக் கூடக் காசு, நீங்க கொட்டகை போட்டா மட்டும் போதும், குஞ்சு நாங்க தர்றோம், தீவனம் நாங்க தர்றோம், மாசாமாசம் பராமரிப்புப் பணமும் நாங்களே தர்றோம். இதுல ஈமுவுக்குக் கறி இருக்குங்கறது உண்மை, எண்ணெய் எடுக்கலாம்ங்கறதும் உண்மை, வெளிநாட்டுல வளர்க்கறாங்கங்கறதும் உண்மை. ஒவ்வொண்ணாத் தனியா எடுத்துப் பார்த்தா பெருசா பொய்யே கிடையாது! வாங்குறதுக்கு ஆள் எங்க இருக்கான்ங்கற ஒரே ஒரு கேள்வியைத்தான் யாரும் கேக்க விடல. அடுத்து வந்து சேர்றவன் கட்டுற பணம்தான் முன்னாடி சேர்ந்தவனுக்கு வருமானம், சேர்றவன் நின்னா எல்லாம் நின்னுடும், நின்னுடுச்சு. பணம் போட்டவங்களுக்காக 1997லயே தமிழ்நாட்டுல முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு, கேஸெல்லாம் அதுல போட்டாங்க, ஆனா சட்டம் சுருட்டினதுக்கு அப்புறம்தான் வரும், உருட்டும்போது வராது.

இதைப் பத்தி ஹாரி ஃபிராங்ஃபர்ட்னு ஒரு அமெரிக்க தத்துவப் பேராசிரியர் 1986லயே ஒரு கட்டுரை எழுதினார், 2005ல அது குட்டிப் புத்தகமா வந்து பயங்கரமா வித்துச்சு, தலைப்பே மாட்டுச் சாணத்தை வெச்சு இங்கிலீஷ்காரன் திட்டுற வார்த்தை. அவர் சொன்னதுல சாரம் இதுதான்: பொய் சொல்றவனுக்கு உண்மை எதுன்னு தெரியும், அதை மறைக்கணும்னு கவலைப்படுவான், ஒரு வகையில உண்மைக்குப் பயப்படுறவன். இந்த இன்னொரு வகை ஆளுக்கு உண்மை எங்க கிடந்தா என்ன, தான் பேசுறது உண்மையா பொய்யான்னே அவன் யோசிக்கிறது கிடையாது, எதிர்ல நிக்கிறவன் மனசுல தான் எப்படித் தெரியறோம்ங்கறதுதான் அவனுக்குக் கணக்கு. நம்ம பாஷைல சொன்னா இவன்தான் உருட்டுறவன். அதனால பொய்யனை மடக்கிடலாம், உருட்டுறவனை மடக்க முடியாது, ஒரு பக்கம் மறிச்சா இன்னொரு பக்கம் உருண்டு போயிடுவான்.

அப்புறம் ஏன் நம்புறோம்? 1977ல அமெரிக்காவுல மூணு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க ஒரு பரிசோதனை பண்ணாங்க. படிச்ச பசங்ககிட்ட ஏதேதோ பொது அறிவு வாக்கியங்களைக் குடுத்து உண்மையா பொய்யான்னு மார்க் போடச் சொல்லி, ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி, இன்னொரு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கேட்டாங்க. திரும்பத் திரும்ப வந்த வாக்கியம் பொய்யாவே இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உண்மை மாதிரி தெரிய ஆரம்பிச்சிடுச்சு. புதுசா ஒரு ஆதாரமும் யாரும் குடுக்கல, கேட்ட பழக்கம் மட்டும்தான். உருட்டுக்கு நீளம் எதுக்குன்னு இப்போ புரியுதா? சொன்னதையே வேற வேற சட்டை போட்டு பத்து தடவை சொல்லத்தான் அந்த நீளம். ரியல் எஸ்டேட்காரர் வேன்ல கூட்டிக்கிட்டுப் போய் சாப்பாடு போட்டு ப்ளாட் காட்டுறப்போ “பஸ் ஸ்டாண்டுலேருந்து பத்தே நிமிஷம்”ங்கறதை எத்தனை தடவை சொல்றார்னு எண்ணிப் பாருங்க. நான் ஒருதடவை எண்ணினேன், பதினொண்ணு. பத்து நிமிஷம்ங்கறது எந்த வண்டியிலன்னு கேட்டேன், எனக்கு மட்டும் பாயசம் ரெண்டாவது தடவை வரல.

கேள்வி: ரீல் விடுறது, சரடு விடுறது, கயிறு திரிக்கிறது, காதுல பூ சுத்துறது... இதெல்லாம் உருட்டோட சொந்தக்காரங்களா?
– வாசகி, தென்காசி

நல்ல கண்ணும்மா உங்களுக்கு. நீங்க அடுக்குன நாலையும் பாருங்க, எல்லாமே சுத்துறது, முறுக்குறது, திரிக்கிறது. உருட்டும் அந்த ஜாதிதான். பஞ்சைத் திரிச்சு நூலாக்குன ஊர், தென்னை நாரைத் திரிச்சு கயிறாக்குன ஊர், அதனால கைப்பிடி பஞ்சுலேருந்து காத தூரத்துக்கு நூல் வர்றதைப் பார்த்தவனுக்கு, துக்குளியூண்டு விஷயத்துலேருந்து மணிக்கணக்குல பேச்சு வர்றதுக்கு வேற உவமை எதுக்கு. “வார்த்தையைத் திரிச்சு சொல்றான்”னு இன்னிக்கும் பேப்பர்ல அறிக்கை விடுறாங்களே, அதுவும் இதே ராட்டைலேருந்து வந்ததுதான்.

ரீல் மட்டும் கொஞ்சம் சிக்கல், அது சினிமா ரீலா நூல்கண்டு ரீலான்னு சண்டை போடுறவங்க உண்டு, நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரல, ரெண்டுமே சுத்தி வெச்சதுதான். சினிமான்னே வெச்சுக்கிட்டா ஒரு ஆயிரம் அடி ரீல் தியேட்டர்ல பதினோரு நிமிஷம் ஓடும், ஆக உங்க மச்சினர் தன்னோட ஃபாரின் ட்ரிப்பைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனார்னா அஞ்சரை ரீல். மிஞ்சிப் போறப்போ “ரீல் அந்து போச்சு”ன்னு சொல்றதும் அங்கேருந்துதான் வந்த மாதிரி எனக்குப் படுது. இப்போ இன்ஸ்டாகிராம்ல விடுறதுக்கும் ரீல்ஸ்னே பேர் வெச்சுட்டாங்க, பேர் வெச்சவங்களுக்குத் தமிழ் தெரிஞ்சிருக்காது, ஆனா சரியாத்தான் வெச்சிருக்காங்க.

‘அளந்து விடுறது’ மட்டும் இந்தக் கும்பல்ல சேராது. அது களத்துமேட்டு நெல் கணக்கு.

கேள்வி: ரொம்ப நேரம் பேசி ஜெயிச்சவங்க யாராவது உண்டா?
– வாசகர், விருதுநகர்

பேசினவங்க உண்டு. 1957 ஜனவரில ஐ.நா. பாதுகாப்பு சபைல காஷ்மீர் பத்தி இந்தியா சார்பா வி.கே. கிருஷ்ண மேனன் ரெண்டு நாள்ல கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் பேசினார், அவர் பேசினதை உருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அந்தச் சபை தீர்மானத்தை அவருக்கு எதிராத்தான் போட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்க செனட்ல ஸ்ட்ரோம் தர்மண்ட், கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்கான சட்டத்தைத் தடுக்கணும்னு ஒத்தை ஆளா நின்னு 24 மணி 18 நிமிஷம் பேசினார். சட்டம் பாஸ் ஆயிடுச்சு. அந்த மாதிரி பேசியே இழுத்தடிக்கிறதுக்கு அங்க ‘ஃபிலிபஸ்டர்’னு பேர், டச்சு மொழியில கடல் கொள்ளைக்காரனைச் சொல்ற வார்த்தைலேருந்து ஸ்பானிஷ் வழியா வந்தது. தர்மண்டோட ரெக்கார்டை 2025ல கோரி புக்கர்னு ஒரு கறுப்பின செனட்டர் 25 மணி 5 நிமிஷம் பேசி உடைச்சார், அவர் எந்த மசோதாவையும் தடுக்கப் பேசல, ஆனா அந்த ரெக்கார்டு யார் பேர்ல இருந்துச்சுன்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

கேள்வி: உங்க வாழ்க்கையில கேட்டதுலயே பெஸ்ட் உருட்டு எது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

சந்தேகமே இல்ல, கீரி பாம்பு சண்டைதான்.

எங்க ஊர்ல வியாழக்கிழமை சந்தை. புளியமரத்தடியில ஒருத்தர் வருவார், ஒரு மூங்கில் கூடை, அதுக்குப் பக்கத்துல முளைக்குச்சியில கயிறு கட்டி ஒரு கீரி. கூடைக்குள்ள நாகம். “இன்னும் சித்த நேரத்துல கீரிக்கும் பாம்புக்கும் சண்டை, யாரும் கையைக் கட்டாதீங்க, கட்டுனா ரத்தம் கக்குவீங்க”ன்னு ஆரம்பிப்பார். நான் ரெண்டு கையையும் விறைப்பா தொங்கப் போட்டுக்கிட்டு நிப்பேன். கூடை மூடியை ஒரு இன்ச் தூக்குவார், கூட்டம் பின்னாடி போகும், உடனே மூடிடுவார். அப்போ ஆரம்பிக்கும் பாருங்க பேச்சு. பாம்பு கடிச்ச கீரி காட்டுக்குள்ள ஓடி ஒரு வேரைத் தின்னும், அந்த வேரை எங்க தாத்தா கொல்லிமலையில பார்த்தார், பார்த்த அன்னிக்கே அவருக்குக் கண்ணு தெரியாம போச்சு, ஆனா பல்லு மட்டும் தொண்ணூறு வயசு வரைக்கும் ஒண்ணு கூட விழல, ஏன் விழல? அந்த ஏன்ல நிறுத்திட்டுக் கூட்டத்தை ஒரு சுத்து பார்ப்பார். சண்டைலேருந்து வேருக்கு, வேர்லேருந்து தாத்தாவுக்கு, தாத்தாலேருந்து பல்லுக்கு, பல்லுலேருந்து பல்பொடிக்கு. எங்க திரும்பினார்னே தெரியாது. பொடி ஒரு பொட்டலம் எட்டணா.

மூணு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு நின்னேன். கீரி படுத்து தூங்கிச்சு. பாம்பு கூடையை விட்டு வெளியவே வரல. மூணாவது வாரம், பொடி வாங்கினாலாவது சண்டை விடுவாரான்னு பாட்டி வெத்தலைக்குக் குடுத்த காசுல ஒரு பொட்டலம் வாங்கிட்டேன். வாங்கின கையோட அவர் கூடையைத் தலையில தூக்கிட்டார், கீரியைக் கைல புடிச்சுக்கிட்டு அடுத்த ஊர் பஸ்ஸுக்குக் கிளம்பிட்டார். 1972ல வந்த வனவிலங்குச் சட்டம் பாம்பு புடிச்சு வித்தை காட்டுறதுக்கெல்லாம் தடை போட்டுச்சு, ஆனா எங்க சந்தைக்கு அந்தச் சட்டம் வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு.

வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பாட்டி திட்டல. பொட்டலத்தைப் பிரிச்சு மோந்து பார்த்தா, ஒரு சிட்டிகை எடுத்து விரல்ல தேய்ச்சா, அப்புறம் சாமி ரூம்லேருந்து குத்துவிளக்கை எடுத்துட்டு வந்து கிணத்தடியில உட்கார்ந்து அந்தப் பொடியைப் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சிட்டா. வெளக்கு அப்படிப் பளபளத்து நான் பார்த்ததே இல்ல. “அடுத்த வாரம் அவன் வந்தா ரெண்டு பொட்டலம் வாங்கிட்டு வா”ன்னா.